முற்றும் இறவாத மொழி

ஆங்கிலத்தில் ‘ஹார்ட்லி’ என்றொரு சொல் உண்டு. கடினம் என்னும் பொருளுடைய ‘ஹார்ட்’ என்பதிலிருந்து பிறந்து, ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. நம் ‘அரிது’ம் அத்தகையதே. இன்மையின் விளிம்பில் நிற்கும் இச்சொற்களைப் பேச்சு வழக்கொழிந்து மீண்ட எபிரேயம் எப்படிச் சொல்கிறது என்று நூலகத்தில் தேடப் போய்த்தான் எலியேசர் பென் யெகூதாவின் வாழ்க்கையை நான் கண்டேன்.

அவர் 1858-இல், இன்று பெலாருஸ் நாட்டிலுள்ள லூஷ்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் எபிரேயம் வழிபாட்டிலும் ஏட்டிலும் இருந்தது, வீட்டில் இல்லை. ஆனால் அது முற்றும் இறந்துவிடவில்லை. பாரிசில் படிக்கும்போது காசநோய் பற்ற, உடல் தேற அல்ஜீயர்சுக்குச் சென்ற அவர், அங்குள்ள யூதர்களோடு எபிரேயத்திலேயே பேச முடிந்ததைக் கண்டார். அந்தச் சிறு இழையைத்தான் அவர் பற்றிக்கொண்டார்.

1881-இல் மனைவி தெபோராவுடன், உதுமானியர் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்துக்கு வந்து எருசலேமில் குடியேறினார். வீட்டில் எபிரேயமன்றி வேறு மொழி ஒலிக்கலாகாது என்பது அவர் விதித்த விதி. 1882-இல் பிறந்த மகன் பிறமொழி எதையும் கேளாமலே வளர்க்கப்பட்டான். காலந்தாழ்ந்தே பேசத் தொடங்கினான். தந்தையின் இக்கண்டிப்பை என்னால் முழுமனத்துடன் போற்ற முடியவில்லை. 1891-இல் தெபோரா காசநோயால் மறைந்தார். அடுத்துத் தொண்டை அடைப்பான் நோய் மூன்று குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. பின்னர் தெபோராவின் தங்கை அவரை மணந்து, ஹெம்தா என்று பெயர் பூண்டு, எபிரேயம் கற்றார்.

அகராதிக்கே அம்மொழியில் ஒரே சொல் கிடையாது. ‘சொல்’ என்பதன் வேரிலிருந்து ‘மிலோன்’ என்று அவரே ஆக்கினார். ஆனால் இன்மையின் விளிம்புக்குப் புதுச்சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ‘கிம்அத்’ என்ற பழஞ்சொல் விவிலியத்திலேயே இருந்தது. பிரித்தால் ‘சிறிதளவு போல்’ என்று பொருள்படும். நுட்பம் இங்கேதான். ஆங்கிலச் சொல் மறுப்பைத் தன்னுள்ளேயே சுமக்கிறது, கிம்அத் சுமப்பதில்லை. ‘தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம்’ என்பதற்கு, ‘இல்லை’ எனப் பொருள்படும் ‘எயின்’ என்பதையும் அதனோடு சேர்த்தாக வேண்டும். மொழிபெயர்ப்பவர் அதை விட்டால் பொருளே தலைகீழாகும். இன்னொரு வழி ‘பெகோஷி’: கடினத்தோடு என்று பொருள், ஆங்கிலச் சொல்லுக்கு உடன்பிறப்பு எனலாம். ‘க்லூம்’ என்பதோ முன்னாளில் நம் ‘ஒன்றும்’ போல மறுப்புச் சொல்லைத் துணைகொண்டு நின்றது. பிற்காலத்தில் தனித்தே ‘ஒன்றுமில்லை’ ஆகிவிட்டது. பேசும் வாய்கள் பெருகாமல் ஒரு சொல் இப்படி மாறுமா?

பென் யெகூதாவின் பேரகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கில நிகரிகளையும் தந்தது. பழைய ஏடுகளிலிருந்து சான்றுகளை அவரே திரட்டினார். இருமிக்கொண்டே நாள்தோறும் நெடுநேரம் உழைத்தார் என்பதை அவர் வரலாறு எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள்.

பாலஸ்தீன ஆட்சியைப் பிரிட்டனிடம் ஒப்படைத்த 1922-ஆம் ஆண்டு ஆணை, ஆங்கிலம், அரபு ஆகியவற்றோடு எபிரேயத்தையும் ஆட்சிமொழியாக ஏற்றது. ஆங்கில அறிவிப்புகள் எபிரேயத்திலும் வர வேண்டிய காலம் அது. அவ்வாண்டு டிசம்பர் 16-இல் அவர் காலமானார். அகராதி அப்போது பாதிவழியில் நின்றது. ஹெம்தாவும் மகன் எகூதும் அறிஞர் சிலரும் பணியைத் தொடர்ந்தனர். 17 தொகுதிகளும் நிறைவெய்தியது 1959-இல்.