குப்பை வண்டிக்குப் பின்னால் போன அம்மையார்

காலை மணி ஆறு. அமெரிக்காவின் சிகாகோ நகரம். குதிரை பூட்டிய குப்பை வண்டி ஒன்று சந்துக்குள் நுழைகிறது. அதன் பின்னாலேயே நல்ல உடை உடுத்திய ஒரு பெண்மணி வருகிறார். எந்தத் தொட்டி காலியாகவில்லை, எந்த வீட்டு வாசலில் குப்பை கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகிறார். வண்டிக்காரர் ஏமாற்றிவிட்டு நழுவ முடியாது!

அவர் பெயர் ஜேன் ஆடம்ஸ். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆனால், குழந்தைகளே, அவர் வாழ்க்கையில் வகித்த ஒரே அரசாங்க சம்பள வேலை என்று சொன்னால் அது இந்தக் குப்பை ஆய்வாளர் வேலைதான்! அந்தக் கதைக்கு வருவதற்கு முன், அவருடைய சின்ன வயதைப் பார்ப்போம்.

1860-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள சீடர்வில் என்ற சிற்றூரில் ஜேன் பிறந்தாள். அப்பா ஜான் ஆடம்ஸ் மாவு மில் முதலாளி. மாநில செனட் சபை உறுப்பினர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். ஜேனுக்கு இரண்டு வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். நாலு வயதில் முதுகெலும்பில் காசநோய் வந்தது. நோய் தீர்ந்தது, ஆனால் முதுகு வளைந்துவிட்டது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். பாதங்கள் உள்பக்கம் திரும்பி இருக்கும்.

ஜேனுக்கு அப்பா என்றால் உயிர். அப்பாவோ நல்ல உயரம், கம்பீரமான தோற்றம். இப்படிப்பட்ட மனிதருக்கு நாமா மகள் என்று அவளுக்குள் ஒரு குமைச்சல். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால், அப்பா பக்கம் போகாமல் சித்தப்பாவுடன் ஒட்டிக்கொண்டு நடப்பாள். பார்ப்பவர்கள் அவளை அவர் மகள் என்று நினைத்துவிடக் கூடாதாம்! ஒரு நாள் நகரத்துக் கடைவீதியில் கூட்டம். அப்பா எதிரே வந்துவிட்டார். தன்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார் என்று அவள் நினைத்தாள். அவரோ பளபளக்கும் உயரமான தொப்பியைக் கழற்றி, ஊரே பார்க்க மகளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். அன்றோடு அந்தக் குமைச்சல் பறந்தே போய்விட்டது.

எட்டு வயதில் ஒரு சம்பவம். புதிதாகத் தைத்த அழகான மேலங்கியைப் போட்டுக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றாள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பழையதையே போட்டுக்கொண்டு போனால் நல்லது என்றார் அப்பா. பழையதும் குளிர் தாங்கும். கூட வரும் ஏழைச் சிறுமிகளின் மனமும் நோகாது என்பது அவர் நினைப்பு. ஜேன் அழவில்லை. பழைய அங்கியைப் போட்டுக்கொண்டு, ஏன் எல்லாரிடமும் எல்லாமும் இல்லை என்று வழியெல்லாம் அப்பாவைக் கேள்வி கேட்டுத் துளைத்துக்கொண்டே போனாள்.

ஜேன் கல்லூரிப் படிப்பை 1881-ல் முடித்தார். அதே ஆண்டு அப்பா திடீரென்று காலமானார். டாக்டராகும் ஆசையில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதுகு வலி விடவில்லை. படிப்பு பாதியில் நின்றது. அப்புறம் சில ஆண்டுகள் என்ன செய்வது என்றே தெரியவில்லை. கையில் அப்பா வைத்துவிட்டுப் போன பணம் இருந்தது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

லண்டனில், 1883-ல், ஒரு சனிக்கிழமை நள்ளிரவு. கிழக்கு லண்டன் தெருவில் அழுகிப்போன காய்கறிகளை வண்டியில் வைத்து ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கந்தல் உடுத்திய ஏழைகள் கையில் செப்புக்காசுடன் கூட்டமாக நின்றார்கள். ஒருவருக்கு ஒரு முட்டைக்கோஸ் கிடைத்தது. அவர் தெரு ஓரத்தில் உட்கார்ந்து, கழுவக்கூட இல்லாமல், பச்சையாகவே கடித்துத் தின்றார். காய்க்காக நீண்டிருந்த அத்தனை கைகளும் அதற்குப் பிறகு ஜேனின் நினைவை விட்டுப் போகவே இல்லை.

மறுபடியும் 1888-ல் லண்டன் போனபோது டாயின்பி ஹால் என்ற இடத்தைப் பார்த்தார். படித்த இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே வந்து தங்கி, அவர்களோடு பழகி, பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதையே நம் ஊரில் செய்தால் என்ன என்று தோன்றியது.

கல்லூரித் தோழி எலன் ஸ்டாரும் ஜேனும் சிகாகோ முழுக்க வீடு தேடி அலைந்தார்கள். ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகை கிடைத்தது. சார்லஸ் ஹல் என்ற செல்வந்தர் 1856-ல் கட்டியது. ஒரு பக்கம் சாராயக்கடை. மறு பக்கம் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் கடை! சுற்றிலும் இத்தாலி, கிரீஸ், ஜெர்மனி, ரஷியா, அயர்லாந்து என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். 1889-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி ஹல் ஹவுஸ் திறக்கப்பட்டது. முதல் நாள் இரவு, சாமான் அடுக்கிய களைப்பில், பக்கவாட்டுக் கதவைப் பூட்ட மட்டுமல்ல, சாத்தவே மறந்து தூங்கிவிட்டார்கள். காலையில் பார்த்தால் ஒரு பொருள்கூடக் காணாமல் போகவில்லை. திருட்டுக்குப் பயந்து அந்தப் பக்கமே வராத பணக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் நம்பியிருப்பார்களா?

முதல் கோடைக்காலத்தில் மூன்று குழந்தைகளை அங்கே பார்த்தார்கள். மூவருமே ஊனமுற்றவர்கள். ஒரு குழந்தை மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. இன்னொன்றுக்குத் தீக்காயம். மூன்றாவதுக்கு முதுகு வளைந்திருந்தது. எப்படித் தெரியுமா? அம்மா வேலைக்குப் போகும்போது அந்தக் குழந்தையைச் சமையலறை மேஜைக் காலில் கட்டிவிட்டுப் போவார். மூன்று வருடம் இப்படி! மதியம் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து அண்ணன் ஓடி வந்து அவிழ்த்துவிட்டு, சாப்பாட்டைப் பகிர்ந்து தின்றுவிட்டு ஓடுவான். அந்தத் தாயைக் குறை சொல்லி என்ன பயன்? வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாதே. ஹல் ஹவுஸில் குழந்தைகள் காப்பகம் தொடங்கிவிட்டது. மழலையர் வகுப்பும் வந்தது.

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். சத்தான உணவைக் குறைந்த விலைக்கு விற்க ஒரு பொது சமையலறை வைத்தார்கள். யாரும் வாங்கவில்லை! அவரவர் நாட்டுச் சாப்பாடுதான் அவரவர் நாக்குக்குப் பிடித்தது. உடம்புக்கு நல்லதா என்று யார் பார்த்தார்கள்? அக்கம்பக்கத்தாரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது என்பதை ஜேன் இப்படித்தான் கற்றுக்கொண்டார்.

ஹல் ஹவுஸின் முதல் கிறிஸ்துமஸ் விழாவில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள். மிட்டாயை வேண்டாம் என்று சொல்லும் குழந்தை உண்டா? விசாரித்ததும்தான் தெரிந்தது. அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். ஆறு வாரமாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை. மிட்டாயைக் கண்ணால் பார்க்கவே அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

வேறொரு தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் மூன்று சிறுவர்கள் அடிபட்டார்கள். ஒருவன் இறந்தே போனான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு போட்டிருந்தால் போதும். முதலாளிகள் வெட்கப்பட்டு உடனே தடுப்பு போடுவார்கள் என்று ஜேன் எதிர்பார்த்தார். ஒன்றுமே நடக்கவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, இதற்குச் சட்டம் வேண்டும் என்று. ஹல் ஹவுஸில் தங்கியிருந்த பிளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணி வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்தார். 1893-ல் இல்லினாய்ஸ் மாநிலம், 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் தொழிற்சாலையில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்ற பகுதியை மட்டும் 1895-ல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இப்போது குப்பைக்கு வருவோம்.

அந்தப் பகுதித் தெருக்களில் பெரிய பெரிய மரப்பெட்டிகள் இருந்தன. குப்பைத் தொட்டிகள்தான்! அழுகிய பழம், கந்தல், எல்லாம் அதிலே நிரம்பி வழியும். நடக்கப் பழகும் குழந்தை முதலில் ஏறிப் பழகுவது அதன் மேல்தான். பையன்களுக்கு அதுதான் கோட்டை. அந்தப் பகுதியில் நோயும் சாவும் அதிகமாக இருந்ததில் என்ன ஆச்சரியம்?

1894-ல் ஹல் ஹவுஸ் மாதர் சங்கத்தைச் சேர்ந்த 12 பெண்கள் களத்தில் இறங்கினார்கள். பகல் முழுக்க வீட்டு வேலை; சாயங்காலம் சந்து சந்தாகச் சோதனை. வெயில் காலத்தில், துர்நாற்றத்தில்! ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதத்தில் சுகாதாரத் துறைக்கு அவர்கள் அனுப்பிய புகார்கள் எத்தனை தெரியுமா? 1,037. ஆய்வாளர்களை மாற்றினார்கள், குப்பை மாறவில்லை.

அடுத்த வருடம் ஜேன் ஒரு காரியம் செய்தார். குப்பை அள்ளும் டெண்டருக்குத் தானே விண்ணப்பம் போட்டார்! ஏதோ விதியைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். ஆனால் ஊரெல்லாம் இதே பேச்சு. மேயர் அவரையே அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்துவிட்டார். வருடச் சம்பளம் 1,000 டாலர்.

ஒன்பது வண்டி பதிமூன்றாயிற்று, பிறகு பதினேழாயிற்று. செத்த மிருகங்களை அப்புறப்படுத்த வைத்தார். ஒரு குறுகிய தெருவில் தோண்டிக்கொண்டே போனபோது, பதினெட்டு அங்குலக் குப்பைக்கு அடியில் கல் பாவிய தளம் தென்பட்டது! தங்கள் தெருவுக்கு ஒரு தளம் இருப்பதே அங்கே குடியிருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெண்பிள்ளை செய்கிற வேலையா இது என்று சில பக்கத்து வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள். காய்ச்சலில் படுத்தவருக்குப் பணிவிடை செய்வது பெண்ணுக்கு அழகு என்றால், அந்தக் காய்ச்சல் வராமல் தடுப்பது மட்டும் அழகில்லையா என்று ஜேன் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். நகரத்தில் சாவு அதிகமான வார்டுகள் பட்டியலில் மூன்றாவதாக இருந்த அந்த வார்டு ஏழாவது இடத்துக்கு இறங்கியது. மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் படித்தபோது ஒரே கைதட்டல். இருக்காதா பின்னே!

ஹல் ஹவுஸும் வளர்ந்தது. 13 கட்டடங்கள். விளையாட்டுத் திடல், நாடக அரங்கம், இசைப் பள்ளி எல்லாம் வந்தன.

முதல் உலகப் போர் வந்தது. போரே கூடாது என்றார் ஜேன். 1915-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்காவும் போரில் இறங்கியபோது, நேற்று வரை புகழ்ந்த பத்திரிகைகளே அவரைத் திட்டின. நாட்டுப்பற்று இல்லாதவர் என்றார்கள். பழைய நண்பர்கள் சிலர் விலகினார்கள். அது அவரை மிகவும் வருத்தியது. ஆனால் சொன்னதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. போரால் பசியில் வாடியவர்களுக்கு உணவு திரட்டும் வேலைக்கு உதவப் போய்விட்டார்.

1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் நிக்கலஸ் பட்லர் என்பவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. அந்தப் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண் ஜேன்தான். உடல்நலமின்றி ஆஸ்பத்திரியில் இருந்ததால் விழாவுக்குப் போகவில்லை. பரிசுப் பணத்தை அமைதிக்காகப் பாடுபட்ட பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

1935-ம் ஆண்டு மே 21-ந் தேதி அவர் மறைந்தார். ஹல் ஹவுஸ் முற்றத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். பிறந்த ஊரான சீடர்வில்லில் அடக்கம் செய்தார்கள்.

1960-களில் பல்கலைக்கழகம் கட்டுவதற்காக ஹல் ஹவுஸின் பெரும்பாலான கட்டடங்களை இடித்துவிட்டார்கள். பூட்ட மறந்த கதவு இருந்த அந்தப் பழைய மாளிகை மிஞ்சியது. இப்போது அது ஓர் அருங்காட்சியகம்.