கேயார்க் யென்சன்

கேயார்க் யென்சன் (ஆகஸ்ட் 31, 1866 - அக்டோபர் 2, 1935) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த புகழ் பெற்ற வெள்ளிக் கொல்லரும் சிற்பியும் ஆவார். ஆங்கில வழக்கில் இவர் ஜார்ஜ் ஜென்சன் என அழைக்கப்படுகிறார். 1904-இல் கோபனாவன் நகரில் இவர் தொடங்கிய பட்டறையின் வெள்ளிக் கரண்டிகளும் அணிகலன்களும் உலகெங்கும் சேகரிப்பாளர்களால் விரும்பப்படுகின்றன. எனினும் இவரது பெயர் பொறித்த கரண்டிகளில் பெரும்பாலானவை பிறர் செய்தவை. பல, இவரது மறைவுக்குப் பின் செய்யப்பட்டவை.

இளமையும் கல்வியும்

யென்சன் கோபனாவனுக்கு வடக்கேயுள்ள ரோவாட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அங்கிருந்த கத்தித் தொழிற்சாலையில் சாணை பிடிக்கும் தொழிலாளி. யென்சன் 14-ஆம் அகவையில் கோபனாவனில் ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பழகச் சேர்ந்து, 1884-இல் பயிற்சியை முடித்தார். ஆயினும் சிற்பி ஆவதே இவரது விருப்பம். 1887-இல் அரச டேனியக் கலைக் கழகத்தில் சேர்ந்து 1892-இல் சிற்பக் கல்வியை நிறைவு செய்தார்.

சிற்பத்தால் பிழைக்க இயலவில்லை. 1897-இல் மனைவி இறந்தபோது இரு மகன்களை வளர்க்கும் பொறுப்பு இவர் மீது விழுந்தது. வருவாய்க்காகப் பீங்கான் தொழிலில் ஈடுபட்டார். நண்பர் யோவாக்கிம் பீட்டர்சனுடன் இணைந்து செய்த பீங்கான் படைப்புக்கு 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் பாராட்டு கிடைத்தது. ஆனால் வணிகம் தழைக்கவில்லை. 1901-இல் ஓவியர் மோகன்ஸ் பாலின் நடத்திய உலோகப் பட்டறையில் சேர்ந்து, தாம் விட்டுவந்த வெள்ளித் தொழிலுக்கே திரும்பினார்.

வெள்ளிப் பட்டறை

1904-இல் கோபனாவனின் பிரெட்கேட் தெருவில் 36-ஆம் எண் கட்டடத்தில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். மலர்கள், இலைகள், கனிகள் ஆகியவற்றின் திரண்ட வடிவங்களும், வெள்ளியின் மீது மென்மையாகத் தெரியும் சுத்தியல் தடங்களும் இவரது பாணியின் அடையாளங்கள். சிற்பக் கல்வியின் பயன் இவற்றில் வெளிப்படுவதாகக் கருதப்படுகிறது.

இவரது முதல் முழுமையான உணவுக் கரண்டித் தொகுதி 1906-இல் வெளிவந்தது. டேனிய மொழியில் ஆன்டிக், அதாவது பழமை, எனப் பெயரிடப்பட்ட இது, வெளிநாடுகளில் கான்டினென்டல் என அறியப்படுகிறது. அதே ஆண்டு முதல் ஓவியர் யோகான் ரோட இவருடன் பணியாற்றினார். ரோட 1915-இல் வடிவமைத்த ஏகார்ன் தொகுதி மிகவும் புகழ் பெற்றது. ஆரல்ட் நீல்சன் 1926-இல் வடிவமைத்த பிரமிட் தொகுதியும் குறிப்பிடத்தக்கது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் வைக்கப்பட்ட இவரது பொருட்களில் பெரும்பகுதியை அமெரிக்கப் பத்திரிகை உரிமையாளர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் வாங்கினார்.

கரண்டிகளை அடையாளம் காணுதல்

பழைய பாணியில் அமைந்த கரண்டி பழமையானதாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆன்டிக் தொகுதியின் கரண்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எனவே காம்பின் பின்புறமுள்ள முத்திரைகளையே நோக்க வேண்டும்.

மூன்று கோபுரங்கள் கொண்ட முத்திரை முதலில் கோபனாவன் நகருக்கும், 1893 முதல் டென்மார்க் அரசின் தரக் கட்டுப்பாட்டுக்கும் உரியது. குறைந்தது 1000-க்கு 826 பங்கு வெள்ளி உள்ளது என்பதை இது உறுதி செய்கிறது. கோபுரங்களின் கீழே ஆண்டின் இறுதி இரு இலக்கங்கள் இருக்கும். 24 என்ற எண் 1824 அல்லது 1924 ஆக இருக்கலாம். உடனுள்ள தர ஆய்வாளர் முத்திரை இந்த ஐயத்தைத் தீர்க்கிறது. கிறிஸ்டியன் எய்சவின் முத்திரை இருந்தால் ஆண்டு 1924. ஏனெனில் இவர் 1904 முதல் 1932 வரை ஆய்வாளராக இருந்தார். 1893-க்கு முந்திய கோபனாவன் பொருட்களில் மாதத்தைக் குறிக்கும் இராசிச் சின்னமும் காணப்படும்.

செய்தவரின் முத்திரை அடுத்தது. யென்சன் பட்டறை தொடக்க காலத்தில் ஜி, ஜே ஆகிய ரோமன் எழுத்துகளைப் பயன்படுத்தியது. புள்ளிகளாலான நீள்வட்டத்தினுள் முழுப்பெயர் இருந்தால் அது 1945-க்குப் பிந்தையது; யென்சன் அதைக் கண்டிருக்க முடியாது.

கையால் செதுக்கப்பட்ட பெயர்களும் நாட்களும் இம்முத்திரைகளிலிருந்து வேறானவை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் திருமுழுக்கு, திருமணம் போன்றவற்றுக்கு வெள்ளிக் கரண்டி பரிசளிக்கும் வழக்கம் உண்டு. அவற்றில் உரிமையாளரின் பெயரெழுத்துகள் செதுக்கப்படுவதுண்டு. பழைய கரண்டியிலும் பின்னாளில் செதுக்க முடியும் என்பதால், அந்த நாளை மட்டும் கொண்டு கரண்டியின் வயதைக் கணிக்க இயலாது.

இறுதிக் காலம்

தொழில் விரிவடைந்ததும் முதலீடு தேவைப்பட்டது. 1916-இல் பட்டறை பங்கு நிறுவனம் ஆனது. காலப்போக்கில் நிர்வாகம் முதலீட்டாளர்களின் கைக்குச் சென்றது. 1925-இல் யென்சன் பாரிசில் தனிப் பட்டறை தொடங்கினார்; மறு ஆண்டே கோபனாவனுக்குத் திரும்பினார். 1935-இல் தமது 69-ஆம் அகவையில் காலமானார். ரோடவும் அதே ஆண்டில் மறைந்தார்.

இவரது மகன் சோரன் கேயார்க் யென்சன் சிற்பியாகவும் வெள்ளிப் பொருள் வடிவமைப்பாளராகவும் விளங்கினார். நிறுவனம் 1972-இல் ராயல் கோபன்ஹேகன் நிறுவனத்துக்கும், 2023-இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் நிறுவனத்துக்கும் கைமாறியது. கரண்டிகளில் பொறிக்கப்படும் பெயர் மட்டும் மாறவில்லை.