ஹான்ஸ் கிறித்தியான் கிராம்

கிராம் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே மாணவர் நெஞ்சில் தோன்றுவது நிறையளவையே. வைத்தியசாலை ஆய்வுகூடங்களிலோ அச்சொல் ஒரு மனிதரின் பெயராக நாள்தோறும் வழங்குகின்றது. கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாக்களை இரு பெருங் குலங்களாக வகுத்துக் காட்டும் முறையைக் கண்டவர் அவர். அம்முறை குறையுடையது என்று அவரே கருதினார் என்பதும், அக்குறையே பின்னர் அதன் பெருமையாயிற்று என்பதும் அவர் வரலாற்றை நாம் அறிதற்குரிய காரணங்களாம்.

ஹான்ஸ் கிறித்தியான் கிராம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆந் திகதி டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்கேகனிற் பிறந்தார். தந்தையார் சட்டத்துறைப் பேராசிரியர். மைந்தரின் உள்ளமோ இயற்கை விஞ்ஞானத்தை நாடிற்று. முதலிலே தாவரவியலில் ஈடுபட்ட அவர், ஸ்டீன்ஸ்ட்ரப் என்னும் விலங்கியலறிஞருக்கு உதவியாளராயிருந்து நுணுக்குக்காட்டியைக் கையாளப் பழகினார். பின்னர் மருத்துவம் பயின்று 1878இற் பட்டம் பெற்றார். குருதியின் செங்கலங்களை ஆராய்ந்து 1882இற் பல்கலைக்கழகத்தின் பொற்பதக்கத்தையும் அடைந்தார்.

அக்காலம் பற்றீரியவியலின் விடியற்காலம். றொபேட் கொக் என்பவர் கசநோய்க் கிருமியைக் கண்டமையை 1882இலே பேர்லினில் அறிவித்திருந்தார். மருத்துவ இளைஞர் பலர் அந்நகரை நாடிச் சென்றனர். கிராமும் அங்குச் சென்று, நகர வைத்தியசாலையொன்றிலே காள் பிரீட்லண்டர் என்னும் நோயியலறிஞரின் கீழ் ஆராய்ச்சியை மேற்கொண்டார். நியூமோனியாவினால் இறந்தோரின் நுரையீரல்களை ஆராய்வதே அங்கு நடைபெற்ற முதன்மைப் பணி.

அப்பணியில் ஓர் இடையூறு இருந்தது. நுரையீரலின் மெல்லிய சீவலுக்குச் சாயமூட்டினால், நோயாளியின் கலங்களிலுள்ள கருக்களும் அதே நிறத்தை ஏற்றன. வயல் முழுதும் ஒரே பச்சையாயிருப்பின் களையைப் பயிரினின்றும் பிரித்தறிவது எங்ஙனம்? கருக்களின் நிறத்தை நீக்கிக் கிருமிகளின் நிறத்தை மட்டும் நிலைக்கச் செய்யும் வழியைக் கிராம் தேடினார்.

அவர் கண்ட வழி எளியது. சீவலை முதலில் ஊதாச் சாயத்தில் இட்டார். அடுத்து அயடீன் கரைசலில் இட்டார். பின்னர் மதுசாரத்தாற் கழுவினார். கருக்களின் நிறம் நீங்கிற்று. கிருமிகள் மட்டும் கருநீலமாய்த் துலங்கின. 1884ஆம் ஆண்டிலே, பிரீட்லண்டர் நடத்திய மருத்துவ ஏட்டில் அவர் இதனை வெளியிட்டார்.

ஆயின், எல்லாக் கிருமிகளும் இவ்வாறு நிறத்தை நிறுத்திக்கொள்ளவில்லை. நெருப்புக்காய்ச்சற் கிருமி மதுசாரம் பட்டவுடன் நிறமிழந்தது. எல்லாக் கிருமிகளையும் காட்ட விழைந்த ஒருவருக்கு இது தோல்வியாகவே தோன்றும். கிராம் அதனை மறைத்தாரல்லர். நிறமேற்றவை இவை, நிறமிழந்தவை இவை என எடுத்துரைத்தார். முறை நிறைவற்றதென்பதையும், பிறர் கையில் அது பயன்படுமென்ற நம்பிக்கையையும் ஒருங்கே கூறினார். நிறமிழந்தவற்றுக்குச் சிவப்புச் சாயமூட்டும் நான்காம் படியைப் பின்வந்தோர் சேர்த்தனர். ஊதாவாய் நிற்பன கிராம்-நேர் எனவும், சிவப்பாய்த் தோன்றுவன கிராம்-எதிர் எனவும் பெயர் பெற்றன.

இவ்வேறுபாட்டின் காரணம் கலத்தின் அமைப்பிலுள்ளது. பற்றீரியக் கலம் பொதுவாக மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதற் சில பங்கு வரையே நீளமுடையது. அதனுள்ளே மென்சவ்வாற் சூழப்பட்ட கரு இல்லை. பரம்பரைப் பொருள் சுருண்டு கிடக்கும். புரதம் ஆக்கும் இறைபோசோம்கள் நிறைந்திருக்கும். உள்ளமுக்கத்தால் வெடித்துவிடாதபடி அதனைக் காப்பது கலச்சுவர். வெல்லச் சங்கிலிகளை அமினோ அமிலத் தொடர்கள் பிணைத்த வலைபோன்றது அச்சுவர். கிராம்-நேர்க் கலத்தில் அது பல படைகளாய் 20 முதல் 80 நனோமீற்றர் வரை தடித்திருக்கும். கிராம்-எதிர்க் கலத்திலோ அது சில நனோமீற்றர் மட்டுமே. ஆயின் அதற்கு வெளியே கொழுப்புச் சேர்ந்த மென்சவ்வொன்று போர்வையாய் அமைந்திருக்கும்.

ஊதாச் சாயமும் அயடீனுஞ் சேர்ந்து பருத்த கூட்டுப் பொருளாகின்றன. மதுசாரம் வெளிமென்சவ்வைக் குலைக்க, மெல்லிய சுவரினூடே அப்பொருள் வெளியேறும். தடித்த சுவரோ மதுசாரத்தால் நீரிழந்து சுருங்கி, அதனை உள்ளேயே சிறைப்படுத்தும். இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின்னரே இவ்விருவகைச் சுவர்களும் தெளிவாயின. அயடீனுக்குப் பதிலாகப் பிளாற்றினச் சேர்வையொன்றைக் கையாண்டு, சாயம் நிற்பதையும் நீங்குவதையும் 1983இலே நேரிற் கண்டனர். கிராம் தம் முறையை வெளியிட்டு அப்போது 99 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கிராம் கண்ட பிரிவு மருந்துக்கும் வழிகாட்டியாயிற்று. 1928இலே பிளெமிங் கண்ட பெனிசிலின் கலச்சுவர் கட்டப்படுவதைத் தடுப்பது. கிராம்-நேர்க் கிருமிகள் பலவற்றை அது எளிதில் அழித்தது. நெருப்புக்காய்ச்சற் கிருமி முதலிய கிராம்-எதிர்க் கிருமிகள் பலவோ வெளிப்போர்வையின் காப்பினால் அதற்குத் தப்பின. நம் உடற்கலங்களுக்குச் சுவரே இல்லாமையால் அவற்றுக்கு அதனால் அத்தகைய ஊறு இல்லை. மூளைக்காய்ச்சல் என ஐயுறும் நோயாளியின் முண்ணாண் நீரை இன்றும் முதலிற் கிராம் முறைப்படி சோதிக்கின்றனர். கிருமியை வளர்த்தறிய நாட்கள் வேண்டும். சாயமோ சில நிமிடங்களில் விடை தரும். அவ்விடையிலே ஓர் உயிர் தங்கியிருத்தலும் உண்டு.

கிராம் தம் பெயரை வைத்துப் புகழ் தேடியவரல்லர். தாயகம் மீண்டு, 1891இலே கொப்பன்கேகன் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியரானார். 1900இலே மருத்துவப் பேராசிரியரானார். 1901 முதல் 1921 வரை நாட்டின் மருந்து நூற் குழுவுக்குத் தலைமை தாங்கி, பயனற்ற பழைய மருந்துகள் பல வழக்கொழிய உதவினார். 1923இல் ஓய்வுபெற்ற அவர், 1938ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி, தமது 85ஆம் வயதிற் காலமானார். பெனிசிலின் நோயாளர்க்கு மருந்தாவதை அவர் காணவில்லை.

ஆய்வுகூடத்திலே எதிர்பார்த்த விடை வராதபோது அதனை அழித்துவிட்டு, அயலான் குறிப்பேட்டைப் பார்த்தெழுதும் மாணவர் எக்காலத்தும் உளர். நிறமேறாத கிருமிகளைக் கிராமும் அங்ஙனம் விலக்கியிருப்பாராயின், கலச்சுவரின் வேற்றுமையைக் காட்டும் முதற் சான்று அன்று மறைந்திருக்கும். கண்டதைக் கண்டவாறே எழுதுதல் விஞ்ஞானத்தின் முதல் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தாலேயே அப்பெயர் இன்றும் வாழ்கின்றது.