மண்மேட்டைப் படித்தவர்

வரலாறு பயின்றவர்க்கு ஆசிரியப் பணியன்றி வேறு வழி உண்டா என்னும் ஐயம் இன்றும் பல வீடுகளில் எழுகிறது. இராக்கல்தாஸ் பானர்ஜியின் வாழ்க்கை அதற்கு விடை கூறும்.

வங்காளத்தின் பகரம்பூரில் 1885ஆம் ஆண்டு பிறந்த அவர், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வரலாறு பயின்று, பின்னர் முதுகலைப் பட்டமும் பெற்றார். பாடநூலோடு அவர் நிறைவடையவில்லை. அரப்பிரசாத் சாஸ்திரி, தியோடர் பிளாக் ஆகிய அறிஞர்களை அணுகிப் பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றார். கல்வெட்டும் நாணயமும் அவருக்கு ஏடுகளாயின. இப்பயிற்சியே அவரை இந்தியத் தொல்லியல் துறைக்கு அழைத்துச் சென்றது. வங்க எழுத்தின் தோற்றம் குறித்த அவரது ஆய்வு 1919இல் நூலாயிற்று.

சிந்து மாநிலத்தின் மொகஞ்சதாரோவில் ஒரு மண்மேடு இருந்தது. அதன் உச்சியில் நின்ற பௌத்தத் தூபியை ஆராயவே 1922இல் அவர் அகழாய்வைத் தொடங்கினார். மேலடுக்கில் குஷாணர் காலத்து நாணயங்கள் கிடைத்தன; அவை அவர் நன்கறிந்தவை. இன்னும் ஆழத்தில், எழுத்துப் பொறித்த முத்திரைகள் வெளிப்பட்டன. அவ்வெழுத்து பிராமியன்று, அவர் கற்ற எவ்வெழுத்துமன்று. படிக்க இயலாத அவ்வெழுத்தின் தொன்மையை அவர் உணர்ந்தார். எழுத்துகளின் வரலாற்றை முறையாகக் கற்றிராவிடில், அம்முத்திரைகள் வெறும் அழகுப்பொருள்களாகவே தோன்றியிருக்கும். ஏறத்தாழ 640 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரப்பாவில் தயாராம் சகானி அகழ்ந்தெடுத்த முத்திரைகளும் அத்தகையனவே. இருவர் கண்டவற்றையும் ஒப்பிட்டு, சிந்துவெளி நாகரிகத்தை 1924இல் சர் ஜான் மார்ஷல் உலகிற்கு அறிவித்தார்.

இரண்டே ஆண்டுகளில் பானர்ஜி துறையை விட்டு விலக நேர்ந்தது. கற்ற கல்வி அப்போதும் அவரைக் கைவிடவில்லை. அவர் வங்கமொழியில் வரலாற்றுப் புதினங்கள் எழுதியவர். பார்குத் தூபியின் கல்லொன்று தன் கதையைத் தானே உரைப்பதாக அமைந்த நூலும் அவருடையதே. 1928இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பண்டைய இந்திய வரலாற்றுப் பேராசிரியரானார். ஆயினும் அப்பணி நீடிக்கவில்லை. 1930ஆம் ஆண்டு மே மாதம், தம் 45ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மொகஞ்சதாரோவைக் குறித்து அவர் எழுதி அளித்த அறிக்கை, அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. 1984இல்தான் அது நூலாக வெளிவந்தது.