காவலரைக் கால்பந்து வீரராக்கிய ஆசான்

ஆடுகளத்தில் பந்தை உதைத்தவர் பெயர் ஊரறிய நிலைக்கும். உதைக்கக் கற்பித்தவர் பெயரோ காலப்போக்கில் மங்கிவிடும். அவ்வாறு மங்கவிடலாகாத பெயர்களுள் ஒன்று சையது அப்துல் ரஹீம் அவர்களுடையது.

1909-ஆம் ஆண்டு பிறந்த அன்னார், ஹைதராபாத் ஒஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1943-இல் ஹைதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளரானார். 1950-இல் ஹைதராபாத் நகரக் காவல் அணியின் பயிற்சிப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. சீருடைப் பணியாளருக்கு உடல் வலிமையும் கட்டுப்பாடும் இயல்பாகவே உண்டு. அவற்றோடு சிந்தனையையும் சேர்த்ததே ரஹீம் செய்த அருஞ்செயலாகும். பந்தைத் தனியே கடத்திச் செல்லாமல் தோழருக்கு உடனே வழங்கவும், பழகாத காலாலும் உதைக்கவும் அவர் பயிற்றுவித்தார். அதற்கெனத் தனிப் போட்டிகளையும் நடத்தினார். பயன் விரைவிலேயே விளைந்தது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் ரோவர்ஸ் கோப்பையைக் காவல் அணியே வென்றது.

அவ்வணியின் நூர் முகம்மது, அஸீசுத்தீன் ஆகியோர் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளிலும் நாட்டுக்காக ஆடினர். இந்திய அணிக்கும் ரஹீமே பயிற்சியாளர். 1951-இல் புதுதில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டே ஹெல்சிங்கியில், நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டத்தில், யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்க நேர்ந்தது. அத்தோல்வி அவரைத் தளர்த்தவில்லை. 1956-இல் மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையும் நமதாயிற்று.

1962-இல் ஜகார்த்தாவில் வந்ததோ பெருஞ்சோதனை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் குறைகூறியதால், இந்தோனேசிய மக்கள் நம் அணியினர்மீது சினங்கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்தில் தென்கொரியா நம்மை 2-0 என வென்றிருந்தது. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் தையல். இலக்குக் காவலர் பீட்டர் தங்கராஜோ காய்ச்சலிலிருந்து மீண்டு வந்தவர். ரஹீம் தயங்கினாரில்லை. ஜர்னைலை முன்கள வீரராக்கினார். இறுதியாட்டத்தில் தங்கராஜை மீண்டும் களமிறக்கினார். காவல் அணியின் யூசுப் கானும் அதில் ஆடினார். ஏறத்தாழ 1,00,000 பேர் கூச்சலிட்ட அரங்கில், பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் அடித்த இரு கோல்களால் அதே தென்கொரியாவை 2-1 என வென்று நாம் தங்கம் பெற்றோம்.

ஓராண்டு நிறைவதற்குள், 1963 ஜூன் 11 அன்று, புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் நமக்கு வாய்க்கவேயில்லை. வாழுங்காலத்தில் அவர்தம் அருமையை நாடு முழுதும் உணர்ந்ததா என எண்ணுகையில் நம் நெஞ்சம் கனக்கின்றது.

மாணவமணிகளே! சாதாரணக் காவலரையும் சாதனையாளராக்கியது ஒரு பள்ளி ஆசிரியரின் பொறுமையே. பழகாத காலையும் பழக்கு என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம். அது ஆடுகளத்திற்கு மட்டும் உரியதன்று.