எண்களில் வடிவம் கண்டவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கணித மேதை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் சீனிவாச இராமானுஜன். அவர் புகழ் அத்தகையது. அவருக்குப் பின்னர் இதே சென்னை மாநகரில் பயின்று, இங்கேயே ஆராய்ச்சியைத் தொடங்கி, வடிவகணித நூல்களில் நிலைத்த பெயர் பெற்ற மற்றொருவர் உண்டு. அவர்தாம் சுப்பராமையா மீனாட்சிசுந்தரம். வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் நன்கறிந்த இப்பெயரை நம் வகுப்பில் விசாரித்தேன். கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. அக்குறையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மீனாட்சிசுந்தரம் 1913-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் திருச்சூரில் பிறந்தார். கல்லூரிப் படிப்பு சென்னையில். இலயோலாக் கல்லூரியில் கணிதத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, பின்னர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரானார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் கே. ஆனந்தராவ். கேம்பிரிட்ஜில் இராமானுஜன் இருந்த காலத்திலேயே அங்குப் பயின்று, ஹார்டியின் கணித மரபை நம் ஊருக்குக் கொண்டு வந்தவர் அவர்.

ஆனந்தராவின் துறை, முடிவிலாத் தொடர்களின் கூட்டல். ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் கழி, மீண்டும் ஒன்றைக் கூட்டு என்று ஓயாமல் செல்லும் தொடரை எடுத்துக்கொள்வோம். அதன் பகுதிக் கூட்டுத்தொகைகள் 1, 0, 1, 0 என்று ஊசலாடுமே தவிரக் குவிவதில்லை. ஆயினும் அவற்றின் சராசரியைப் பார்த்துக்கொண்டே போனால் அது 1/2-ஐ நெருங்குகிறது. இப்படி அடங்காத தொடர்களுக்கும் முறையாக மதிப்பளிக்கும் வித்தையில் மீனாட்சிசுந்தரம் தேர்ந்தார். இலயோலாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் சார்லஸ் ரசினின் தொடர்பு வகைக்கெழுச் சமன்பாடுகளின் பக்கமும் அவர் கருத்தைத் திருப்பிற்று. 1940-இல் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது.

பட்டம் கிடைத்ததே தவிர, அதற்கேற்ற பதவி உடனே கிடைக்கவில்லை. தேர்வு எழுதும் மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி அளித்துப் பிழைப்பை நடத்த வேண்டியிருந்தது. உயர்கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் பாடக் கணக்குகளை மீண்டும் மீண்டும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்!

இந்த இடத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் தந்தையார் ஆழ்வார்பேட்டையில் சாலையோரம் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். மாலை வேளைகளில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் என் பேருந்துச் செலவையும் புத்தகச் செலவையும் பார்த்துக்கொள்கிறேன். கணக்குப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உறவினர் கேட்காத நாளில்லை. அதே கேள்வி மீனாட்சிசுந்தரத்தின் முன்னும் நின்றிருக்கும் அன்றோ! அவர் டியூஷனையும் விடவில்லை, ஆராய்ச்சியையும் விடவில்லை.

1940களில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி வாய்த்தது. 1946-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்குச் சென்று 1948 வரை தங்கினார். அங்கே சுவீடன் நாட்டு அறிஞர் ஆகே பிளேயலைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1949-இல் கனடாவின் கணித இதழ் ஒன்றின் முதல் தொகுதியில் வெளிவந்தது. பதினைந்தே பக்கங்கள். மீனாட்சிசுந்தரத்தின் பெயரை நிலைநிறுத்தியது அதுதான்.

அதன் பொருளை நமக்குத் தெரிந்த பாடத்தைக் கொண்டே விளக்க முயல்கிறேன். மார்கழி மாதத்தில் எங்கள் பகுதியில் எந்தச் சபாவின் வாசலில் நின்றாலும் மிருதங்க ஒலி கேட்கும். ஒரு தோற்கருவியைத் தட்டினால் ஒரே ஓசை வருவதில்லை. பல அதிர்வுகள் சேர்ந்தே வருகின்றன. அதிர்வெண்களை வரிசைப்படுத்தினால் அக்கருவிக்கே உரிய ஓர் எண் பட்டியல் கிடைக்கும். அதுபோல வட்டம், கோளப்பரப்பு முதலிய ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் பட்டியல் உண்டு. லாப்லாஸ் செயலியின் ஐகன் மதிப்புகள் என்பர். பட்டியலை மட்டும் ஒருவர் நம் கையில் கொடுத்தால், வடிவத்தைப் பார்க்காமலே அதைப் பற்றி என்னென்ன சொல்லலாம்? இதுவே கேள்வி.

ஓரலகு ஆரமுள்ள வட்டத்தை எடுத்துக்கொள்வோம். சுழியை விட்டுவிட்டால் அதன் பட்டியல் 1, 1, 4, 4, 9, 9 என்று வர்க்க எண்கள் இரண்டிரண்டாகச் செல்லும். ஒவ்வொரு எண்ணையும் ஒரு படிக்கு உயர்த்தி, தலைகீழாக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். எந்தப் படிக்கு இத்தொடர் குவியும்? முதலாண்டில் படித்த சோதனையின்படி, படி 1/2-ஐ விட அதிகமாக இருந்தால் குவியும். அந்த 1/2-ஐ இரட்டித்தால் 1. வட்டத்தின் பரிமாணமும் 1.

இனிக் கோளப்பரப்பு. அதன் பட்டியலில் 2 மூன்று முறையும், 6 ஐந்து முறையும், 12 ஏழு முறையும் வரும். அதே கணக்கைப் போட்டால் எல்லை 1 என்று கிடைக்கும். இரட்டித்தால் 2. பரப்பின் பரிமாணமும் 2!

எல்லையில் என்ன நிகழ்கிறது, எல்லைக்கு அப்பால் தொடருக்கு எப்படிப் பொருள் கொடுப்பது என்பவற்றைப் பொதுவான வளைந்த வெளிகளுக்கு மீனாட்சிசுந்தரமும் பிளேயலும் நிறுவிக் காட்டினர். தொடர் வெடிக்கும் இடம் பரிமாணத்தைச் சொல்கிறது. வெடிப்பின் அளவு கன அளவைச் சொல்கிறது. அடங்காத தொடரை அடக்கும் பழைய சென்னைப் பயிற்சி இங்கே கைகொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

1950-இல் அவர் ஆந்திரப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கே. சந்திரசேகரனுடன் சேர்ந்து தொடர்களின் கூட்டல் பற்றி எழுதிய நூல் 1952-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. 1958-இல் எடின்பரோ நகரில் கூடிய உலகக் கணித மாநாட்டில் அழைப்பின் பேரில் உரையாற்றினார். 1968-ஆம் ஆண்டு ஆகஸ்டில், 54 வயதிலேயே மறைந்தார்.

அவருடைய தேற்றமோ அவருக்குப் பின்னும் வளர்ந்தது. 1973-இல் அத்தியா, பாட், நம் நாட்டு இளைஞர் பட்டோடி ஆகிய மூவரும் சுட்டெண் தேற்றத்துக்குத் தந்த புதிய நிறுவல் இவ்வழியில் வந்ததே. அதற்கடுத்து நிகழ்ந்ததுதான் பெரு வியப்பு.

அணிகளைப் பெருக்கும்போது வரிசையை மாற்றினால் விடை மாறும் என்பது நாம் அறிந்ததே. 1925-இல் ஹைசன்பர்க் கண்ட குவாண்டம் இயற்பியலில் இடமும் உந்தமும் அப்படியே நடந்துகொள்கின்றன. ஆயத்தொலைவுகளே பரிமாற்று விதிக்கு அடங்காவிட்டால் அந்த வெளியில் புள்ளி என்று ஒன்றைக் குறிக்க இயலாது. புள்ளி இல்லாத இடத்தில் தொடுகோடு ஏது? வகைக்கெழு ஏது?

விடை நம் பெருக்கல் விதியிலேயே ஒளிந்திருக்கிறது. ஒரு சார்பால் பெருக்கிய பிறகு வகையிடுவது ஒன்று. வகையிட்ட பிறகு அச்சார்பால் பெருக்குவது மற்றொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், அச்சார்பின் வகைக்கெழுவால் பெருக்கியதே மிஞ்சுகிறது. தாளில் போட்டுப் பாருங்கள், இரண்டே வரி! ஆகவே வகைக்கெழு என்பது வரிசை மாற்றத்தால் வரும் வித்தியாசம் என்றே கொள்ளலாம். அதற்குப் புள்ளி தேவையில்லை. பிரெஞ்சு அறிஞர் அலேன் கான் 1980களில் இக்கருத்தின்மேல் ஒரு முழு வடிவகணிதத்தையே எழுப்பினார். ஏறத்தாழ அதே காலத்தில் டிரின்ஃபெல்டும் ஜிம்போவும் குவாண்டம் குலங்களைக் கண்டனர். போலந்து நாட்டு வொரொனோவிச் அக்குலங்களின்மீது வகை நுண்கணிதத்தை அமைத்தார். அந்த உலகில் கியூ என்ற எண் ஒன்று எங்கும் நுழைந்துகொள்ளும். எக்ஸ் வர்க்கத்தை வகையிட்டால் 2 மடங்கு எக்ஸ் வராமல், 1 கூட்டல் கியூ மடங்கு எக்ஸ் வரும். கியூவுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்தால் நம் பழைய விடை திரும்பிவிடும்.

சரி, புள்ளியில்லாத வெளியின் பரிமாணத்தை எப்படி அறிவது? அளவுகோல் வைக்க இடமில்லை. கையில் இருப்பது ஒரு செயலியும் அதன் எண் பட்டியலும் மட்டுமே. கான் அந்தப் பட்டியலைத்தான் எடுத்துக்கொண்டார். படிக்கு உயர்த்தித் தலைகீழாக்கிக் கூட்டி, தொடர் எங்கே வெடிக்கிறது என்று பார்த்தார். மீனாட்சிசுந்தரம் வளைந்த வெளிகளுக்கென்று வகுத்த வழி, வெளியே மறைந்துபோன இடத்திலும் செல்லுபடியாயிற்று! அதைக் காண அவர் இல்லை.

பட்டியல் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. முரசின் ஒலியைக் கொண்டே அதன் வடிவை அறிய முடியுமா என்று 1966-இல் மார்க் காக் கேட்டார். ஒரே பட்டியலையுடைய இரு வேறு தட்டை வடிவங்களை 1992-இல் கார்டன், வெப், வொல்பர்ட் மூவரும் காட்டினர். பரிமாணமும் பரப்பும் தெரியும். முழு உருவம் தெரியாமலும் போகலாம்.

எனக்கும் முடிவெடுக்கும் காலம் நெருங்குகிறது. எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பிப்பதா, குரூப் 4 தேர்வுக்கு உட்காருவதா என்பதை அடுத்த ஆண்டு தீர்மானித்தாக வேண்டும். வீட்டு நிலையை நினைத்தால் இரண்டாவதே நியாயமாகத் தோன்றுகிறது. மீனாட்சிசுந்தரத்தின் வாழ்க்கை இக்கேள்விக்கு விடை தந்துவிடவில்லை. பிழைப்புக்கான வேலையும் கணிதமும் ஒரே மனிதனிடம் சில ஆண்டுகள் சேர்ந்து வாழ முடியும் என்பதை மட்டும் காட்டியிருக்கிறது. இப்போதைக்கு எனக்கு அது போதும்.

நம் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கணிதப் பேரவைக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒரு மணி நேரமாவது இவரைப் பற்றிப் பேச ஒதுக்குங்கள். தொடர்களின் குவிதல் என்றால் முகம் சுளிக்கும் முதலாண்டுத் தம்பி தங்கையர், மேலே சொன்ன கோளப்பரப்பின் கணக்கை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். விடை 2 என்று வரும்போது, எதன் பரிமாணத்தைக் கண்டுபிடித்தோம் என்பதை மறவாதீர்கள்.