அவர் கேளாத இசைத்தட்டு

1958ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள். இலண்டனை அடுத்த வால்தம்ஸ்டோ மன்றத்தில் இலண்டன் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவினர் ஒலிப்பதிவுக்காகக் கூடியிருந்தனர். ஒன்பதாவது சிம்பொனி அன்று முதன்முறையாக இசைத்தட்டில் ஏற இருந்தது. அதை ஆக்கிய முதியவரும் உடனிருந்து கேட்பதாக ஏற்பாடு. அவர் வரவில்லை. அன்று அதிகாலையில் தம் 85ஆம் வயதில் உயிர் நீத்தார் என்ற செய்திதான் வந்தது. நடத்துநர் சர் ஏட்ரியன் போல்ட் குழுவினரைக் கலைத்து அனுப்பவில்லை. பதிவு நடந்தது.

மறைந்தவர் ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ். எழுத்தில் ரால்ஃப் என்றிருந்தாலும், ரேஃப் என்று அழைப்பதே அவருக்கு உகந்ததாம்!

1872 அக்டோபர் 12ஆம் நாள் இங்கிலாந்தின் டவுன் ஆம்ப்னி என்னும் சிற்றூரில் பிறந்தார். பாதிரியாரான தந்தை 1875இல் மறைய, தாயின் குடும்பத்தார் வளர்த்தனர். அத்தாய்க்குத் தாய்மாமன் யார் தெரியுமா? அறிவியல் மாணவர்களாகிய நாம் தேர்வுதோறும் எழுதும் சார்லஸ் டார்வினேதான். செல்வக் குடும்பம், வயிற்றுக்காக உழைக்க வேண்டிய நிலை அவருக்கு என்றும் வந்ததில்லை. இலண்டன் அரச இசைக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று டாக்டர் பட்டமும் பெற்றார். ஆயினும் மெல்ல முதிர்ந்த மரம் அவர். பட்டம் பெற்ற பின்னரும், 35ஆம் வயதில், தம்மைவிட மூன்றாண்டு இளையவரான ராவெலிடம் பாரிசுக்குச் சென்று பாடம் கேட்டார். முதல் சிம்பொனி அரங்கேறியது 1910இல், அவருடைய 38ஆம் பிறந்த நாளன்று.

இதற்கிடையே நடந்த ஒன்றுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. 1903 டிசம்பரில் எசெக்ஸ் மாவட்டத்து இங்கிரேவ் என்னும் ஊருக்குச் சென்றிருந்தார். அங்கே முதிய தொழிலாளி ஒருவர் பழைய நாட்டுப்பாடல் ஒன்றைப் பாடக் கேட்டார். கேட்டதைத் தாளில் குறித்துக்கொண்டார். அதன்பின் அவருக்கு ஓய்வில்லை. ஊர் ஊராய்ச் சென்று, சில ஆண்டுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களைத் திரட்டினார். கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்த குடும்பத்துப் பிள்ளை நான். டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் பென்சிலுடன் உழைப்பாளியின் முன் மாணவராய் அமர்ந்த அந்தக் காட்சியை எளிதில் கடந்து செல்ல என்னால் இயலவில்லை.

முதல் உலகப் போரின்போது வயது 42. வீட்டில் இருந்திருக்கலாம். அவரோ மருத்துவப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, பிரான்சில் காயமுற்றோரைச் சுமக்கும் பணியில் ஈடுபட்டார். பின்பு பீரங்கிப் படையில் அதிகாரியானார். அந்தப் பீரங்கி முழக்கம் முதுமையில் அவர் செவியைப் பழிவாங்கியது. சர் பட்டத்தை மறுத்தவர், 1935இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதை மட்டும் ஏற்றார்.

இனி இசைத்தட்டுகளுக்கு வருவோம். நான்காவது சிம்பொனியை 1937இல் தாமே நடத்திப் பதிவு செய்தார். ஆறாவது 1948இல் அரங்கேறி, ஈராண்டுக்குள் ஏறத்தாழ நூறு முறை இசைக்கப்பட்டது. அதன் இறுதிப் பகுதி முழுவதும் காதோடு காதாய்ப் பேசுவது போன்ற மெல்லொலி, ஓரிடத்திலும் ஓங்குவதில்லை. அணுகுண்டுக்குப் பின் எஞ்சும் வெறுமை என்று பலர் அதற்குப் பொருள் கூறினர். அவருக்கு அது பிடிக்கவில்லை.

1949இல் போல்ட் அதைப் பதிவு செய்தது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளில். ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடமே அடங்கும். அந்த மெல்லொலியை நடுவே அறுத்து அடுத்த பக்கத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஊசி உராயும் இரைச்சலோ இசைக்குச் சமமாக எழும். போதாக்குறைக்கு, பதிவு முடிந்தபின் மூன்றாம் பகுதியை அவர் திருத்தி எழுதினார்! அப்பகுதியை மட்டும் 1950இல் மறுபடி பதிவு செய்ய நேர்ந்தது. எழுபத்தேழு வயதிலும் செய்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை.

பின்னர் நீண்ட நேரம் ஓடும் தட்டுகள் வந்தன. 1953 டிசம்பரில் போல்ட் மீண்டும் ஆறாவதைப் பதிவு செய்தபோது, அவரே அமர்ந்து கேட்டு, முடிவில் குழுவினருக்கு நன்றி கூறினார். அந்தக் குரலும் தட்டில் இருக்கிறது. தென்துருவப் பயணி ஸ்காட்டைப் பற்றிய திரைப்படத்தின் இசையிலிருந்து பிறந்த ஏழாவதும், 1956இல் வந்த எட்டாவதும் மான்செஸ்டரில் பார்பிரோலியின் கையால் அரங்கேறின. ஏழாவதில் காற்றின் ஓலத்தை எழுப்பத் தனிப் பொறியே உண்டு.

ஒன்பதாவது 1958 ஏப்ரலில் அரங்கேறியபோது அத்தகைய வரவேற்பு இல்லை. மூன்று சாக்சபோன்களும் ஃப்ளூகல்ஹார்னும் சேர்ந்த அதன் புதுமை பல விமர்சகர்களின் மனத்தில் தைக்கவில்லை. முதியவர் பழையதையே சொல்கிறார் என்று அவர்கள் எண்ணினர் போலும். அதை மீண்டும் மீண்டும் கேட்டு எடைபோட வேண்டுமானால் இசைத்தட்டு ஒன்றே வழி. ஆகவேதான் அன்றைய பதிவு அத்துணை முக்கியமாயிற்று.

அவரது அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், பர்சல் என்னும் பழைய இசை மேதைக்கு அருகே வைக்கப்பட்டது. போல்ட் 1969இல் ஒன்பதாவதை மற்றொரு முறையும் பதிவு செய்தார். ஆனால் முதல் தட்டில் ஊசியை வைத்தால் முதலில் கேட்பது இசையன்று; ஆக்கியவர் மறைந்தார் என்று அறிவிக்கும் போல்டின் குரல். அதன் பிறகே வாத்தியங்கள் தொடங்குகின்றன.